தோட்டாவின் நியாய விலை

பற்றாக்குறைக் காலத்தில் விலையை ஏற்றும் வியாபாரி குற்றவாளியா என்ற கேள்வியை, தானியத்தையோ தண்ணீரையோ மருந்தையோ முன்வைத்துத்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். அப்போது பாதிப் பதில் கேள்வியோடு கூடவே வந்துவிடுகிறது. பசித்தவன் ஒரு பக்கம், பூட்டிய களஞ்சியம் மறு பக்கம். நம் அனுதாபம் எங்கே போய் நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. அனுதாபத்தின் துணை இல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் வேறொரு சரக்கு வேண்டும். 2008க்குப் பிறகு அமெரிக்காவில் இரண்டு மூன்று தடவை வந்துபோன தோட்டாப் பஞ்சம் அப்படியொரு சரக்கை நமக்குத் தருகிறது.

நடந்தது இது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில், சாண்டி ஹுக் ஆரம்பப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாகும் என்ற பேச்சு எழுந்தது. சில நாட்களுக்குள் நாடெங்கும் துப்பாக்கிக் கடைகளில் கூட்டம். ரைபிள், மாகஸின், தோட்டா எல்லாம் அடுக்கிலிருந்து மறைந்தன. கையில் சரக்கு வைத்திருந்த சில வியாபாரிகள் விலையை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றினார்கள். வேறு சிலர் பழைய விலையிலேயே விற்று, ஆளுக்கு இத்தனை என்று அளவு வைத்தார்கள். வால்மார்ட் கடைகளில் 2013 ஜனவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான். விலையை ஏற்றியவர்கள் மீது வாடிக்கையாளர்களுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. 'இனி இந்தக் கடைப்படியை மிதிக்கமாட்டேன்' என்று சபதம் செய்தார்கள். பலர் வருஷங்கள் கழித்தும் அதைக் காப்பாற்றினார்கள்.

இந்தக் கோபம்தான் என் அக்கறை. விலை ஏறியதில் புதிர் ஒன்றும் இல்லை.

இப்படி விலை ஏற்றுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், உளியால் குடைவதையும் கண்ணைத் தோண்டி எடுப்பதையும் குறிக்கும் சொல். தமிழிலும் நிலைமை வேறில்லை. கொள்ளை லாபம், பதுக்கல், கள்ளச்சந்தை என்று சொல்லும்போதே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறோம், விசாரணைக்கு இடமில்லை. எதிர்ப் பக்கத்தில் 'நியாய விலை' என்றொரு தொடர் இருக்கிறது. மத்திய கால ஐரோப்பிய இறையியல்வாதிகள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கருத்தை, நம் சர்க்கார் பெயர்ப் பலகையில் எழுதி மாட்டி அதன் கீழே மண்ணெண்ணெய் ஊற்றியது. கருத்து தேய்ந்து போனதற்கு அந்தப் பலகையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பழைய விவாதத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. ஸிஸரோ தன் 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வியாபாரியைக் கொண்டு வருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒருவன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அவன் அதைச் சொல்ல வேண்டுமா, அல்லது வாயை மூடிக்கொண்டு கிடைக்கும் விலைக்கு விற்கலாமா? ஸ்டோயிக் ஆசிரியரான பாபிலோன் டயோஜினஸ், சரக்கில் குறை இருந்தால் சட்டம் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும் என்கிறார். மௌனமாயிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் வாதம். அவர் மாணவர் ஆண்டிபேட்டர் இதை ஒப்பவில்லை. வாங்குகிறவன் அறிய வேண்டிய எதையும் விற்கிறவன் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் இருவரும் ஒரே சமூகத்தின் அங்கங்கள் என்பது அவர் கட்சி. ஸிஸரோ மாணவர் பக்கம் சாய்கிறார்.

இதை 2013க்குக் கொண்டுவந்தால் விசித்திரமான மாறுதல் ஒன்று நேர்கிறது. அந்த வருஷம் மிக நீண்ட காலம் கிடைக்காமல் போனது ராணுவ பாணி ரைபிளுக்கான தோட்டா அல்ல. பாயின்ட் இருபத்திரண்டு என்கிற மிகச் சிறிய தோட்டா. நம்மூர் என்.சி.சி. பையன்கள் சுட்டுப் பழகுவதும் இதே அளவுதான். தகர டப்பாவைச் சுடவும் முயல், அணில் வேட்டைக்கும், மகனுக்கு முதல்முதலாகச் சுடக் கற்றுக்கொடுக்கவும் ஆகிற சரக்கு. ஐந்நூறு அடங்கிய பெட்டி இருபது டாலர் சுமாருக்குக் கிடைத்துவந்தது. அதாவது ஒன்று நாலு சென்ட். பீதியில் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே போயிற்று. ஆனால் அப்போது அமெரிக்க காங்கிரஸின் முன் இருந்த முக்கிய மசோதாக்கள் எவையும் இந்தத் தோட்டாவைத் தடை செய்வதாக இல்லை. இருந்த மசோதாக்களும் 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் விழுந்தன. வாங்குவோர் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் திருத்தத்துக்கே 54 ஓட்டுகள்தான், வேண்டியது 60. இதெல்லாம் கடைக்காரனுக்குத் தெரியாததல்ல. தொழில் செய்கிறவன் சட்டத்தைக் கவனிக்காமல் இருக்கமாட்டான்.

ஆக ரோட்ஸ் வியாபாரிக்குப் பின்னால் கப்பல்கள் வருவது தெரிந்திருந்ததைப்போல, இவனுக்கு எதிரே நிற்கிறவனின் பயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு என்பது தெரிந்திருந்தது. 'இதை யாரும் தடை செய்யப் போவதில்லை, இரண்டு வருஷம் பொறுத்தால் பழைய விலைக்கே கிடைக்கும், வீட்டுக்குப் போ' என்று சொல்ல வேண்டிய கடமை அவனுக்கு உண்டா? ஆண்டிபேட்டர் உண்டு என்பார். டயோஜினஸ், சரக்கில் குறையில்லையே, தோட்டா வெடிக்கும் அல்லவா, பிறகென்ன என்று கேட்பார். அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வேண்டுமென்றே கோடிக்கணக்கில் வாங்கிக் குவித்துச் சந்தையை வறளச் செய்கிறது என்று அந்த நாட்களில் ஒரு வதந்தி. 2014 ஜனவரியில் வந்த அரசுக் கணக்காய்வு அறிக்கை, அந்தத் துறையின் கொள்முதல் உண்மையில் 2009லிருந்து குறைந்து வந்திருப்பதைக் காட்டியது. அறிக்கை வருவதற்குள் வதந்தி தன் வேலையை முடித்திருந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்று அந்த வதந்தியைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன், மறைத்தானா, மௌனமாயிருந்தானா?

தாமஸ் அக்வினாஸ் இதை வேறு முனையிலிருந்து பிடிக்கிறார்; எனக்கு இதுவே ஆழமாகப் படுகிறது. ரோட்ஸ் வியாபாரி பின்னால் வருவதைச் சொல்ல நீதி அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, சொன்னால் அது மேலான ஒழுக்கம், என்று அவர் ஸிஸரோவை விடத் தளர்வாகவே பேசுகிறார். ஆனால் விலையைப் பற்றிப் பேசும்போது இறுக்கமாகிவிடுகிறார். ஒரு பொருளை இழப்பதால் விற்கிறவனுக்கு விசேஷமான நஷ்டம் உண்டென்றால் அதற்கு ஈடாக அதிகம் கேட்கலாம். வாங்குகிறவனுக்கு அது விசேஷமாகத் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதிகம் கேட்கக் கூடாது. ஏனென்றால் அந்தத் தேவை வாங்குகிறவனிடம் இருக்கிறது, விற்கிறவனுக்குச் சொந்தமானதல்ல. தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் விற்க முடியாது.

இதில் இருக்கும் துல்லியம் பிரமிக்க வைக்கிறது. தோட்டா கடைக்காரனுடையது, பயம் வாடிக்கையாளனுடையது. நாலு சென்ட் தோட்டாவைப் பன்னிரண்டு சென்ட்டுக்கு விற்கும்போது, நாலு சென்ட்டுக்குத் தன் பொருளையும் எட்டு சென்ட்டுக்கு எதிராளியின் பயத்தையும் அவன் விற்கிறான். எதிராளியிடமே அவன் பயத்தை விற்கிறான்.

ஆனால் அக்வினாஸ் காலத்துத் தானிய வியாபாரி பசியை உற்பத்தி செய்யவில்லை. மழை பெய்யாததற்கு அவன் பொறுப்பல்ல. தோட்டா வியாபாரத்தில் பயம் முற்றிலும் வாங்குகிறவனுடைய சொத்து என்று சொல்லிவிட முடியுமா? 2008 தேர்தலில் ஒபாமா ஜெயித்த பிறகும் இதே போல ஒரு பற்றாக்குறை வந்தது. அப்போது சில துப்பாக்கிக் கடைகளில் அவர் படத்தைச் 'சிறந்த விற்பனையாளர்' என்று எழுதி மாட்டிவைத்தார்கள். வேடிக்கைதான், ஆனால் வேடிக்கைக்குள் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. 'நாளைக்குக் கிடைக்காது, இன்றே வாங்கு' என்ற விளம்பரம் எந்தத் தொழிலிலும் உண்டு. ஜவுளிக் கடையில் அது தள்ளுபடி, இங்கே அது குடியரசின் வீழ்ச்சி. வருஷக்கணக்கில் பயத்தை விளைவித்துவிட்டு, அறுவடைக் காலத்தில் அது உன்னுடைய பயம் என்று சொன்னால் அக்வினாஸ் என்ன செய்வார் என்று தெரியவில்லை. வியாபாரியின் கட்சிக்கு இது பலம் சேர்க்கிறதா, குற்றத்தைக் கூட்டுகிறதா? கூட்டுகிறது என்றே நினைக்கிறேன். பயம் ஓரளவு அவன் தயாரிப்பு என்றால் அதற்கும் சரக்கின் தரம் பற்றிய விதி பொருந்தும். அது போலிச் சரக்கு.

வியாபாரியின் கட்சியைக் கேட்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அதில் வலுவான பகுதி ஒன்று உண்டு. நூறு பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கி அடுக்கியிருக்கிறான். பழைய விலைக்கு விற்றால் நூறும் ஒரே காலையில் தீர்ந்துவிடும். மறுபடி மொத்த வியாபாரியிடம் போனால் விலை ஏறியிருக்கும். கையிலுள்ள பணத்துக்கு அறுபதுதான் கிடைக்கும், அதுவும் கிடைத்தால். காலி அடுக்கை வைத்துக்கொண்டு வாடகை கொடுக்க முடியாது. வாடிக்கையாளன் வியாபாரி கொடுத்த விலையைப் பார்க்கிறான். வியாபாரி தான் கொடுக்கப்போகிற விலையைப் பார்க்கிறான். 1986ல் கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில் இதுதான் வெளிப்பட்டது. பனிப்புயலுக்கு மறுநாள் காலை, 15 டாலர் மண்வாரியை 20 டாலருக்கு ஏற்றிய கடைக்காரனைப் பற்றிக் கனடாவில் ஜனங்களைக் கேட்டார்கள். 82 சதவிகிதம் பேர் அநியாயம் என்றார்கள். ஆனால் கடைக்காரனுடைய செலவு கூடியதால் விலை கூடினால் அதே ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை ஜனங்களின் அறியாமை என்று எடுத்துக்கொண்டதுண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அக்வினாஸைப் படிக்காமலேயே அந்த 82 சதவிகிதம் அவர் சொன்னதைத்தான் சொல்கிறது: உன் நஷ்டத்துக்கு ஈடு கேள், தருகிறேன், என் அவசரத்துக்கு விலை கேட்காதே.

ஆடம் ஸ்மித் இருக்கிறார். தானிய வியாபாரி மீது ஜனங்களுக்கு உள்ள சந்தேகம் சூனியக்காரிகள் மீதிருந்த சந்தேகத்தைப் போன்றது என்று எழுதியவர். விலையை ஏற்றுகிற வியாபாரி, உணவு குறையும்போது மாலுமிகளுக்குப் படியைக் குறைக்கிற கப்பல் தலைவனைப் போல நடந்துகொள்கிறான் என்பது அவர் உவமை; விலை ஏறினால் எல்லோரும் சிக்கனமாய்ச் சாப்பிடுவார்கள், அறுவடை வரை தானியம் தாங்கும். ரொட்டிக்கு இது பொருந்தலாம். ஆனால் ரொட்டியைத் தின்று தீர்க்கிறோம். பீதியில் வாங்குகிற தோட்டாவை யாரும் சுடுவதில்லை. அது நிலவறைக்குப் போகிறது, அங்கே காற்றுப் புகாத பெட்டியில் பல பத்து வருஷங்கள் கெடாமல் கிடக்கும். விலை ஏறுவதைப் பார்த்து நிலவறைக்காரன் சிக்கனமாவதில்லை. விலை ஏறுவதே அவன் பயத்துக்கு அத்தாட்சி, இன்னும் இரண்டு பெட்டி வாங்குகிறான். ஸ்மித்தின் கப்பலில் மாலுமிகள் படியைக் குறைத்துக்கொள்வதற்குப் பதில் ரொட்டியைத் திருடிப் படுக்கைக்கு அடியில் அடுக்குகிறார்கள்.

அப்படியானால் விலையை ஏற்றாமல் அளவு வைத்தவன் தர்மவானா? அவன் கடைவாசலில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். லாரி வருகிற கிழமை எது என்பதைத் தெரிந்துகொண்டு விடியற்காலையில் வரிசை கட்டினார்கள். வேலைக்குப் போகிறவன் அந்த வரிசையில் நிற்க முடியாது. நின்றவர்களில் ஒரு பகுதி, மூன்று பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கி, வார இறுதிச் சந்தையில் மூன்று மடங்குக்கு விற்றவர்கள். கவுண்டரில் நியாய விலை, கார் நிறுத்துமிடத்தில் சந்தை விலை. வித்தியாசப் பணம், கடை வைத்து வரி கட்டுகிறவனிடமிருந்து பொழுது போகாதவன் பைக்கு இடம் மாறியது. அவ்வளவுதான் நடந்தது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அவ்வளவுதானா? பழைய விலைக்கு விற்ற கடைக்காரன் தான் அந்தப் பணத்தைத் தொடவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. விளைவைக் கணக்கிடுகிறவர்களுக்கு இது அற்பம். எனக்கு இது அற்பமாகப் படவில்லை.

இந்த இடத்தில் ஒரு அபத்தத்தைக் குறிப்பிட வேண்டும். 1937ல் நிறைவேறிய பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டப்படி, தோட்டாவின் மீது 11 சதவிகித மத்திய வரி உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. ஆகவே ஒவ்வொரு பீதியும் மான்களுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் நல்ல காலம். ஆனால் வரி உற்பத்தியாளரின் விற்பனை விலை மீதுதான். சில்லறைக் கடைக்காரன் மேலே வைக்கிற கொள்ளையில் மானுக்குப் பங்கில்லை.

கோபத்துக்கு வருகிறேன். இந்த வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சந்தைச் சுதந்திரத்தில் நம்பிக்கை உள்ளவர்கள். அரசு விலை நிர்ணயம் செய்வது என்ற பேச்சே அவர்களுக்குக் கம்யூனிஸம். புயலுக்குப் பின் ஐஸ் கட்டியின் விலை ஏறினால் அது வரவழைக்கிற சரக்கைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். அதே மனிதன் தோட்டா விலை ஏறியதும் துரோகம் என்கிறான். இதை வெறும் முரண்பாடு, சுயநலம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், நம் முற்போக்கு நண்பர்கள் அப்படித்தான் செய்வார்கள். 1971ல் வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்ஸன், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டிக்காகக் கலகம் செய்த கூட்டத்தைப் பற்றி எழுதியதை நினைத்துக்கொண்டால் வேறு விதமாகத் தெரியும். அந்தக் கூட்டம் பலமுறை தானியத்தைப் பறித்துக்கொண்டு ஓடவில்லை. வழக்கமான விலைக்கு அதை விற்று, பணத்தைச் சொந்தக்காரனிடம் கொடுத்தது. விலை என்பது இரண்டு பேர் ஒப்புக்கொண்ட ஒரு எண் அல்ல, ஊர் முழுவதும் பழக்கத்தில் வைத்திருக்கிற ஒரு உறவு என்பது அவர்கள் எண்ணம்.

தோட்டா வாங்க நின்றவனுடைய கோபமும் அந்தப் பிறப்புத்தான். இருபது வருஷமாக உன் கடைக்கு வருகிறேன், இருவரும் ஒரே கட்சி, ஒரே சட்டத் திருத்தத்தின் கீழ் நிற்கிறோம் என்று நினைத்திருந்தேன். நீ என்னை வெறும் வாங்குகிறவன் என்கிறாய். அவன் இழந்தது முப்பது டாலர் அல்ல. அந்தக் கடையை அவன் கடை என்றே நினைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு சபை மாதிரி. சபையில் காணிக்கைத் தட்டு மூன்று மடங்கு கேட்டது. சுவாரஸ்யமான விஷயம், கையில் கம்பு மட்டும் வைத்திருந்த இங்கிலாந்துக் கூட்டம் விலையைத் தானே நிர்ணயித்தது. வீட்டில் பத்துத் துப்பாக்கி வைத்திருந்த இந்த மனிதன், வேறு கடைக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இந்த உறவு எப்படிப்பட்டது என்பது 2020ல் வெளிப்பட்டது. கொரோனா, மே மாதத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பின் எழுந்த கலவரங்கள், தேர்தல், மூன்றும் சேர்ந்தன. துப்பாக்கி வாங்குவோர் பின்னணிச் சோதனைகள் 2019ல் 2 கோடியே 84 லட்சம் சுமார். 2020ல் 3 கோடியே 97 லட்சம். ரெமிங்டன் நிறுவனம் ஜூலையில் திவாலாகி, அதன் ஆர்கன்ஸாஸ் தோட்டாத் தொழிற்சாலை கைமாறிக்கொண்டிருந்த சமயம். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டா, ஐம்பது அடங்கிய பெட்டி, வருஷ ஆரம்பத்தில் பத்துப் பன்னிரண்டு டாலர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் முப்பது நாற்பது டாலரைத் தாண்டியது. இந்தத் தடவை வாங்கியவர்களில் ஏராளமானோர் புதியவர்கள். 2022ல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வின்படி 2019 ஜனவரிக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் முதன்முறையாகத் துப்பாக்கி உடையவர்களானவர்கள் 75 லட்சம் பேர். அவர்களில் பாதி பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பர், ஐந்தில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சத்தினர்.

பல நல்ல கடைக்காரர்கள் விலையை அதிகம் ஏற்றாமல், பழைய வாடிக்கையாளருக்கென்று கவுண்டருக்கு அடியில் எடுத்துவைத்தார்கள். நம்மவர்களுக்கு இது உடனே புரியும்; மளிகைக் கடை அண்ணாச்சி செய்வதுதான். விலையும் இல்லை, வரிசையும் இல்லை, முகம்தான் கணக்கு. மனிதத்தன்மையுள்ள ஏற்பாடாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஆண்டில் முகம் தெரியாதவர் யார்? முதல் துப்பாக்கியை வாங்கி, அதற்குப் போட ஒரே ஒரு பெட்டி தோட்டா கேட்கிற, நகரத்தின் பயந்த பகுதியில் தனியாக இருக்கிற ஒரு கறுப்புப் பெண். நிலவறையில் பத்தாயிரம் தோட்டா வைத்திருக்கிறவனுக்கு இன்னொரு பெட்டி கவுண்டருக்கு அடியிலிருந்து வருகிறது. அவளுக்கு 'இல்லையம்மா' என்ற பதில். சில கடைகள் துப்பாக்கி வாங்கினால் ஒரு பெட்டி கூடவே தருவோம் என்று வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் பரவாயில்லை. என்றாலும் நாற்பது டாலர் கேட்கிற கொள்ளைக்காரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்ற ஒரே விஷயத்தில் மற்றவனைவிட அவளுக்கு நியாயம் செய்தவன். பணத்தின் குருட்டுத்தனத்தைப் புகழ எனக்கு இஷ்டமில்லை. உறவின் கண்பார்வை யாரையெல்லாம் பார்க்க மறுக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் தோட்டா அரிசி மாதிரி ஒரு சரக்கு என்ற பாவனையில். அந்தப் பாவனையை எவ்வளவு நேரம் காப்பாற்ற முடியும்? தோட்டா விலை ஏறுவது நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். 1993ல் நியூயார்க் செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், உடலுக்குள் விரிந்து கிழிக்கும் ஒருவகைத் தோட்டாவின் மீது 10,000 சதவிகித வரி போட வேண்டும் என்றார். நாட்டில் இரண்டு நூற்றாண்டுக்குப் போதுமான துப்பாக்கி இருக்கிறது, தோட்டாவோ நாலு வருஷத்துக்குத்தான் வரும், ஆகவே தோட்டாவைப் பிடியுங்கள் என்பது அவர் தர்க்கம். 1999ல் கறுப்பு நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக், ஒரு தோட்டா 5,000 டாலர் என்று வைத்துவிட்டால் அப்பாவிகள் சாகமாட்டார்கள் என்று மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்தார். செனட்டரும் விதூஷகனும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கணக்குப்படி பீதிக்கால வியாபாரி, தன்னையறியாமல் சமூகத்துக்கு உபகாரம் செய்கிறவன்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகவும் பயிற்சியாகவும் வைத்திருக்கிறவன் ஒரு மாதத்தில் ஆயிரம் தோட்டா செலவழிப்பான். விலை மூன்று மடங்கானால் அவன் பயிற்சி நின்றுபோகும். சாண்டி ஹுக் பள்ளியில் கொலைகாரன் ஐந்து நிமிஷத்துக்குள் ரைபிளால் சுட்டது 154 தடவை. அன்றைய கடை விலையில் அந்தத் தோட்டாக்களின் மதிப்பு நூறு டாலரை எட்டாது. பீதியின் உச்சத்தில், ஒரு தோட்டா ஒரு டாலர் என்று விற்ற நாட்களில் வாங்கியிருந்தால் 154 டாலர். ஐம்பது டாலருக்கு மேல் வித்தியாசம். எந்தச் சில்லறை வியாபாரியின் பேராசையும் எட்டித் தொட முடியாத அளவுக்குக் கொலை மலிவானது. 5,000 டாலர் என்றால் நடக்கும், ஆனால் அது விலையல்ல, தடை, வேறு பெயரில்.

ஆகவே விலை யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்று பார்த்தால், கோபப்பட்டவனை மட்டும்தான் தொட்டிருக்கிறது. இதில் என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. 2013ல் கடைக்காரனைத் திட்டியவர்கள், திட்டுவதற்குப் போதுமான தார்மீக உணர்வு உள்ளவர்கள். துரோகம், பேராசை, அநியாயம் என்ற சொற்கள் அவர்களிடம் இருந்தன, கூர்மையாகவே இருந்தன. அந்தச் சொற்கள் புறப்பட்ட தேதி டிசம்பர் 14. பிரேதப் பரிசோதனை முடியுமுன் கடைகளில் கூட்டம் சேர்ந்தது. ஒரு வாரத்தில் 'குழந்தைகளின் சாவை வைத்துக் காசு பண்ணுகிறான்' என்று கடைக்காரனைப் பற்றிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சாவினால் அவசரம் கொண்டு தானும் அங்கே நிற்கிறோம் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. கொள்ளை லாபத்தைப் பற்றிய கோபம் அவர்களுக்கு ஒரு சௌகரியம் செய்துகொடுத்தது. தாங்கள் அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் அது அவர்களை உட்கார வைத்தது. அந்த வாரத்தில் அமெரிக்காவில் அந்த இடத்துக்கு உரியவர்கள் இருபத்தாறு குடும்பங்கள்.

விலை ஏற்றுவது, ஏற்றாமல் அளவு வைப்பது, வேண்டியவனுக்கு ஒதுக்கிவைப்பது, இந்த மூன்றுக்கும் வெளியே நாலாவதாக ஒன்று உண்டு: விற்காமல் இருப்பது. 2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்ஸாஸ் மாநிலம் எல் பாஸோவில் ஒரு வால்மார்ட் கடையிலேயே ஒருவன் சுட்டு 22 பேர் இறந்தார்கள், பிறகு ஒருவர். செப்டம்பர் 3 அன்று அந்த நிறுவனம், கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் ராணுவ பாணி ரைபிளுக்கும் ஆகிற சில அளவுகளையும் இனி விற்பதில்லை என்று அறிவித்தது. நாட்டின் தோட்டா வியாபாரத்தில் அதன் பங்கு சுமார் 20 சதவிகிதத்திலிருந்து 6 முதல் 9 சதவிகிதத்துக்குள் குறையும் என்று அதுவே கணக்குச் சொன்னது. பெரிய முடிவுதான், கேலி செய்வது நியாயமாகாது. மூன்று மடங்கு விலை கேட்கிறவனும் பழைய விலைக்குத் தருகிறவனும் ஒரே கவுண்டருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். இந்த முடிவு கவுண்டரை விட்டு வெளியே வருவதாகத் தோன்றியது.

அறிவிப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. கையிருப்பையும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கொள்முதலையும் விற்றுத் தீர்த்த பிறகே முடிவு அமலுக்கு வரும். அப்படியே, பழைய விலையில், விற்றுத் தீர்த்தார்கள். கடைசிப் பெட்டியும் போன பின் அந்தக் கடைகளில் கைத்துப்பாக்கித் தோட்டா அடுக்குகள் காலியாயின. அடுத்த வருஷம் மற்றக் கடைகளின் அடுக்குகளும் காலியாயின, வேறு காரணத்துக்காக.